அப்பாவைப் பற்றி ஒரு பக்கம்

அத்தியாயம் 11

‘மூன்றாவது பத்தியை மட்டும் தாண்டிப் படித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? மைக் முன்னால் நிற்கும்போது கண் தவறுவது எல்லாருக்கும் நடப்பதுதான். மொத்தம் ஆறு வரி. இருமல் வந்ததுபோல் குனிந்து, நிமிரும்போது நான்காவது பத்திக்குப் போய்விடலாம்.’

இப்படி நினைத்துக்கொண்டே தாளைத் திருப்பியபோதுதான் அலினாவுக்கு அது வழவழப்பான அச்சுத் தாள் என்பதே உறைத்தது. நாளைக்குச் சபையில் இருநூறு பேர் கையிலும் இதே தாள் இருக்கும். அவள் தாண்டினாலும் அவர்கள் தாண்டமாட்டார்கள்.

முதல் பக்கத்தில், ‘சகோ. ஆபிரகாம் அவர்களின் எழுபத்தைந்தாவது பிறந்தநாள் ஸ்தோத்திர ஆராதனை’. நடுவில் பாட்டுகள், வேத வாசிப்பு. கடைசிப் பக்கத்தில் அப்பாவின் படம், அதன் கீழ் ‘என் தகப்பனார்’ என்று தலைப்பு. வலது மூலையில் சின்ன எழுத்தில், ‘மகள் அலினா’.

அதில் ஒரு வரிகூட அவள் எழுதியதில்லை.

“பத்து நாள் கேட்டேன்க்கா. இதோ அனுப்பறேன், இதோ அனுப்பறேன்னே,” என்றான் டெக்ஸ்டர். ஹாலில் நாற்காலி மேல் ஏறி நின்று சீரியல் பல்புச் சரத்தை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தான். “அச்சகத்துக்காரன் வியாழக்கிழமைதான் கடைசின்னுட்டான். நான் என்ன செய்ய?”

“என் பேரைப் போட்டிருக்கே.”

“மகள் வாசிச்சாத்தான் நல்லா இருக்கும்னு பாஸ்டர் சொன்னார். நீ டீச்சர் வேற.”

“தமிழ் உனக்கு எங்கேயிருந்து வந்துச்சு?”

“போன்ல பேசினேன், அது டைப் பண்ணிடுச்சு. ‘தகப்பனார்’னு போட்டது பாஸ்டர். நான் வெறும் டாடின்னுதான் சொன்னேன்.” சிரித்தான். “நல்லா இல்லையா?”

நன்றாகத்தான் இருந்தது. அதுதான் தொல்லை.

முதல் பத்தியில், இருபத்திரண்டு வயதில் ஒரு தகரப் பெட்டியோடு அப்பா பாளையங்கோட்டையிலிருந்து பூனா ரயில் நிலையத்தில் வந்து இறங்கியது. இரண்டாவதில், பாடகர் குழுவில் நாற்பத்தெட்டு வருஷமாக அவர் பாடிவரும் கனத்த குரல். மூன்றாவது பத்தி இப்படி இருந்தது:

‘எங்கள் தகப்பனார் எந்தச் சூழ்நிலையிலும் பொய் சொன்னதில்லை. போசரித் தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தபோது, தொழிலாளி ஒருவர் தன் கவனக்குறைவால் இயந்திரத்தில் கையைக் கொடுத்துவிட்டார். அவரைத் தன் மடியில் கிடத்தி மருத்துவமனைக்குக் கொண்டுசென்று காப்பாற்றியவர் எங்கள் தகப்பனார். விசாரணை வந்தபோதும் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தார்.’

மடியில் கிடத்தியது உண்மை. கம்பெனி டெம்போவில், போசரியிலிருந்து ஆஸ்பத்திரிவரை, ரஃபீக்கின் கையைத் தன் சட்டையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். வெறும் பனியனோடு வீட்டுக்கு வந்தார். அதை அவளே பார்த்தாள்.

எழுதிக் கொடுத்ததும் உண்மைதான். எழுதியது அவள்.

“மூணாவது பத்தி வேண்டாம் டெக்ஸ்டர்.”

“அதுதான்க்கா ஹைலைட்டே. சின்ன வயசுலேர்ந்து அந்தக் கதையைச் சொல்லித்தானே எனக்கு பெல்ட்டு அடி. ‘பொய் சொன்னா உள்ளதும் போயிரும்லே’ன்னு.” கீழே இறங்கி, சரத்தின் முனையை பிளக்கில் செருகினான். பச்சையும் சிவப்புமாக எரிந்தது. “உனக்கு என்ன, நீ அப்பா செல்லம். உன்னை ஒரு தடவையாவது அடிச்சிருக்காரா? சொல்லு, ஒரே ஒரு தடவை?”

“இல்லை,” என்றாள் அலினா.

அவள் ஒன்பதாவது படிக்கும்போது நடந்தது நினைவுக்கு வந்தது. டியூஷன் என்று சொல்லிவிட்டுத் தோழிகளோடு சினிமாவுக்குப் போய் மாட்டிக்கொண்டாள். அப்பா கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை இறக்கிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு, பொய்க்காக அவளை அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. டெக்ஸ்டர் அதைச் செல்லம் என்று நினைத்துக்கொண்டான். அம்மாகூட அப்படித்தான் சொல்வாள்.

அவர் அவளைப் பார்த்து அடங்கிப்போனார் என்பதை அந்த வயதிலேயே அலினா புரிந்துகொண்டாள். அது அவளுக்கு ஒருபோதும் செல்லமாக இருந்ததில்லை.

*

அடுக்களையில் அம்மா மேவிஸ் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். அச்சை மாவில் முக்கி எண்ணெயில் இறக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்துவாள்.

“உன் வீட்டுக்காரரு நாளைக்கு எத்தனை மணிக்கு வருதாரு?”

“நேரா சர்ச்சுக்கு வந்திடுவார்மா. அம்மா, அந்தப் பக்கத்தை நீங்க படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“மூணாவது பத்தியும்?”

மேவிஸ் அச்சை இறக்கினாள். எண்ணெய் பொங்கி அடங்கும்வரை பேசவில்லை. முறுக்கைத் தட்டி எடுத்துத் தட்டில் வைத்தாள்.

“பிள்ளை ஆசையா எழுதியிருக்கான். ஒரு நாள் கூத்து. வாசிச்சிட்டு இறங்கு.”

“உங்களுக்குத் தெரியும்லம்மா.”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. அடுப்புல எண்ணெய் இருக்கு, அங்கிட்டுப் போய் நில்லு.”

தெரியும். விபத்து நடந்த ராத்திரி இதே அடுக்களையில்தான் அப்பா அம்மாவிடம் சொன்னார். கதவுக்கு இந்தப் பக்கம் தண்ணீர் குடிக்க வந்து நின்றிருந்த அலினாவின் காதிலும் அது விழுந்தது. “கட்டையைச் செருகச் சொன்னதே நான்தான் மேவிஸ்.”

பவர் பிரஸ் என்பது தகட்டை நசுக்கி வடிவம் கொடுக்கிற இயந்திரம். அதில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் இரண்டையும் ஒரே சமயத்தில் அழுத்தினால்தான் மேல்பாகம் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் விரல் உள்ளே போகாது என்பது கணக்கு. ஆனால் வேலை மெதுவாகும். ஆர்டர் நெருக்கும்போது ஒரு பட்டனில் மரக்கட்டையைச் செருகிவிட்டால், ஒரு கை அழுத்தும், இன்னொரு கை தகட்டைத் தள்ளும். மேனேஜர் ரங்கராஜன் அப்பாவிடம் சொன்னார். அப்பா ரஃபீக்கிடம் சொன்னார். ரஃபீக் செருகினார். மூன்றாம் நாள் வலது கையில் மூன்று விரல் போயிற்று.

விசாரணைக்கு மராத்தியில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்பாவுக்கு மராத்தி பேச வரும், எழுத வராது. இந்தக் கட்டடத்துத் தமிழ்க்காரர்கள் அத்தனை பேருக்கும் அலினாதான் மராத்தி. ரேஷன் கார்டு விண்ணப்பம், கரண்ட் ஆபீஸ் புகார், பள்ளிக்கூட லீவ் லெட்டர். பக்கத்து வீட்டுப் பானு அத்தை ஒரு மனுவுக்கு ஒரு பிஸ்கட் கொடுப்பாள். பதிமூன்று வயதில் அது எவ்வளவு பெரிய கௌரவம்.

அப்பா கோடு போட்ட தாளை வைத்தார். தமிழில் சொன்னார். “பட்டன்ல கட்டையைச் செருகினது ரஃபீக். எனக்கு அது தெரியாது. இவ்வளவுதான். எழுது.”

அவள் எழுதினாள். எழுதிப் பார்த்தால் மொட்டையாக இருந்தது. மனு எழுதும்போது காரணத்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்று மராத்தி டீச்சர் கற்றுக் கொடுத்திருந்தார். அதனால் ‘பலமுறை எச்சரித்தும் கேளாமல்’ என்று நடுவில் சேர்த்தாள். பாடப் புத்தகத்தில் வந்த தொடர். அது அந்த இடத்தில் அழகாகப் பொருந்தியது.

அப்பா எழுத்துக் கூட்டிப் படித்தார். அந்த வரியில் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது. மெச்சப் போகிறார் என்று காத்திருந்தாள்.

“நல்லா எழுதியிருக்க,” என்றார். கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் ரங்கராஜன் மிட்டாய்ப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். “பலமுறை எச்சரித்தும்னு ஒரு லைன் இருந்ததே ஆபிரகாம், அது போதும். இனி நம்ம பக்கம் ஒரு பேச்சும் வராது.” ரஃபீக்கை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெட்டியில் இருந்தது முந்திரி பர்ஃபி. டெக்ஸ்டர் நாலு தின்றான்.

*

டெக்ஸ்டர் கேக் வாங்கக் கிளம்பிப் போன பிறகு அப்பா முடிவெட்டிக்கொண்டு வந்தார். கழுத்தில் பவுடர் ஒட்டியிருந்தது. பால்கனியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து ஷூவை எடுத்தார். பாலிஷ் டப்பாவைத் திறந்தார். எழுபத்தைந்து வயதிலும் அதற்கு அவர் வேறு ஆள் வைப்பதில்லை.

“என்னம்மா, வாசிச்சுப் பாத்தியா? உன் தம்பி என்னைப் பெரிய ஆளாக்கிட்டான்.”

அலினா கம்பிக்கு அருகில் நின்றாள். கீழே கட்கி பஜார்ப் பக்கம் போகிற ஆட்டோக்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

“புதன்கிழமை ரஃபீக்கைப் பார்த்தேன்ப்பா.”

பிரஷ் நின்றது.

“எந்த ரஃபீக்?”

“முகமது ரஃபீக். நமக்கு எத்தனை ரஃபீக் தெரியும்?”

விமான் நகர்ப் பள்ளியில் புதன்கிழமை பெற்றோர் கூட்டம். எட்டாம் வகுப்பு மராத்திக்கு அவள்தான் டீச்சர். ஒரு மாணவியின் தாத்தா வருகைப் பதிவில் இடது கையால் கையெழுத்துப் போட்டார். வலது கையில் மூன்று விரல் இல்லை.

“எப்படி இருக்கான்?”

“உங்களைத்தான் கேட்டார். சாப் நல்லா இருக்காரா, இன்னும் பாடறாரான்னு. டெம்போவுல மடியில வச்சுக் கூட்டிட்டுப் போனதை இன்னும் சொல்றார்.”

அப்பா மறுபடி பிரஷ்ஷை ஓட்டினார். ஒரே இடத்தில்.

“அவர் மகன் அவரை நம்பலையாம்ப்பா. சோம்பேறித்தனத்துல நீயே கட்டையைச் செருகிக்கிட்டே, குடும்பத்தையே தெருவுல நிறுத்தினேன்னு, வீட்டுல எந்தச் சண்டை வந்தாலும் அதைத்தான் சொல்றானாம். ரஃபீக் வேற ஒண்ணும் கேக்கலை. ஆபிரகாம் சாப் என் மகன்கிட்ட ஒரே ஒரு தடவை நடந்ததைச் சொன்னா போதும், அவர் சொன்னா அவன் நம்புவான்னார்.”

“நீ என்ன சொன்ன?”

“கேட்டுச் சொல்றேன்னேன்.”

“அந்தக் காகிதத்தை நீதான் எழுதினன்னு அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாது. விசாரணையில அதை அவர் கையில கொடுத்துக் காட்டினாங்களாம். எழுத்து முத்து முத்தா இருந்துச்சுன்னார். ஆபீஸ் கிளார்க் யாரோன்னு நினைச்சிட்டிருக்கார்.”

அப்பா ஷூவைக் கீழே வைத்தார்.

கேட்காமல் விட்டுவிடலாம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது. இருபத்தொன்பது வருஷமாக அந்த ஒரு வரியைத் தன்னுடையது என்றே சுமந்திருக்கிறாள். அப்பா பொய் சொன்னார், அது பயம். தான் சேர்த்தது பயத்தால்கூட இல்லை, அழகுக்காக. எந்தப் பிள்ளையின் கட்டுரையைத் திருத்தும்போதும் அந்தத் தொடர் வந்தால் சிவப்பு மை பேனா தானாக நின்றுவிடும்.

“‘பலமுறை எச்சரித்தும்’னு நான் ஒரு வரி சேர்த்தேன். நீங்க சொல்லலை. அது உங்களுக்குத் தெரியுமாப்பா?”

“தெரியும்.”

“அப்பவேவா?”

“எழுத்துக் கூட்டினாலும் வாசிக்கத் தெரியும்லா எனக்கு.”

“ஏன் அந்த வரியை அடிச்சிடச் சொல்லலை?”

அவர் அவளைப் பார்க்கவில்லை. விரல் நுனியில் ஒட்டியிருந்த கறுப்பைத் துணியில் துடைத்தார். ஒவ்வொரு விரலாக.

“வசதியா இருந்துச்சு,” என்றார். “எனக்குத் தானா அப்படி ஒரு வார்த்தை தோணியிருக்காது. பிள்ளை அதுவாப் போட்டிருக்கு. அந்த நேரம் அது எனக்கு வசதியா இருந்துச்சு.”

அலினா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பதிலுக்காகத்தான் இத்தனை வருஷம் பயந்தோமா, இதற்காகத்தான் ஏங்கினோமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. நெஞ்சில் ஒரு பக்கம் பாரம் இறங்கியது. இன்னொரு பக்கம் ஏறியது. பதிமூன்று வயதுப் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறாள். இன்றுவரை அவர்களில் ஒருத்திமேலும் இவ்வளவு பெரிய பாரத்தை ஏற்ற அவளுக்கு மனம் வந்ததில்லை. தன்மேல் மட்டும் ஏற்றியிருக்கிறாள். ஏற்றியதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் இவர்.

விபத்துக்குப் பிறகு, தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும், “கையைக் காட்டுங்க” என்று இரண்டு பிள்ளைகளின் விரல்களையும் பிரித்துப் பார்ப்பார். நகத்தில் அழுக்குப் பார்க்கிறார் என்று டெக்ஸ்டர் ஓடி ஒளிவான். நீட்டிய கையை அவர் கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருப்பார். அந்த அப்பாவும் இவர்தான். அவரை வெறுக்க முடிந்திருந்தால் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

“ரஃபீக் வீட்டுக்குப் போங்கப்பா.”

“போறேன்.” உடனே வந்தது பதில். அவள் எதிர்பார்க்கவில்லை. “திங்கக்கிழமை போறேன். நீயும் வா. உன் முன்னால வச்சே அவன் மகன்கிட்ட சொல்லுதேன். சத்தியமாச் சொல்லுதேன்.” நிறுத்தினார். “நாளைக்கு மட்டும் அதை வாசிச்சிரு.”

“எதுக்குப்பா? பொய்னு உங்களுக்கே தெரியும்.”

“டெக்ஸ்டர் வாங்கின அடியெல்லாம் பொய் சொன்னதுக்குத்தான். அவன் பிள்ளைக்கும் இதையேதான் சொல்லி வளக்கான். அவன் முன்னால, சபை முன்னால, நாளைக்கு ஒரே ஒரு நாள் அந்தத் தாள்ல இருக்குத ஆளா இருந்துட்டு வாரேன். அதுக்கப்புறம் எல்லாத்தையும் சொல்லுதேன்.”

“நான் வாசிக்கலைன்னா?”

அவர் ஷூவை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். “வாசிக்கலைன்னா திங்கக்கிழமை எனக்குத் தைரியம் இருக்குமான்னு தெரியலை அலினா. உள்ளதைச் சொல்லுதேன்.”

*

ஐந்து மணிக்கு டெக்ஸ்டர் கேக் பெட்டியோடு வந்தான். வந்த வேகத்தில் போனில் ஸ்டாப்வாட்சைத் திறந்தான்.

“அக்கா, ஒரு ரிகர்சல். அஞ்சு நிமிஷம் தாண்டினா பாஸ்டர் முகம் போற போக்கே சரியிருக்காது. போன தடவை அருணாச்சலம் அங்கிள் இருபது நிமிஷம் பேசி, பிரியாணி ஆறிப்போச்சு. அம்மா, நீங்களும் வாங்க.”

மேவிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். அப்பா அவருடைய நாற்காலியில். மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, சர்ச்சில் உட்கார்வதுபோல் நிமிர்ந்து.

அலினா எழுந்து நின்று தாளைப் பிரித்தாள்.

முதல் பத்தியைப் படித்தாள். தகரப் பெட்டி வந்தது. மேவிஸ் சிரித்து, “அந்தப் பெட்டி பூட்டு கெட்டுப்போய், கயிறு போட்டுக் கட்டிக் கொண்டுவந்தது,” என்றாள். இரண்டாவது பத்தி. பாடகர் குழு. கிறிஸ்துமஸ் ராத்திரிகளில் லோஹேகாவ் ஏர்ஃபோர்ஸ் குடியிருப்புவரை நடந்தே போய்ப் பாடியது. அலினாவின் குரல் தானாகவே இறங்கி நிதானமானது. இந்த இரண்டு பத்தியையும் நூறு பேர் முன்னாலும் படிக்கலாம். ஆயிரம் பேர் முன்னாலும்.

‘எங்கள் தகப்பனார் எந்தச் சூழ்நிலையிலும்’ என்பதுவரை படித்தாள்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு அசைந்ததா, இல்லை அவளுக்குத்தான் அப்படித் தோன்றியதா தெரியவில்லை. இவர் திங்கட்கிழமை போவார். வாசித்தால் போவார். ரஃபீக் கேட்டது அது ஒன்றுதான். ஆறு வரியை உரக்கச் சொன்னால் ஒரு மகன் தன் தகப்பனை நம்புவான். அதைவிடப் பெரிதா என் நாக்கு?

ஆனால் அன்றைக்கும் ஒரு நல்ல காரணம் இருந்தது. அப்பாவின் வேலை, வீட்டு வாடகை, டெக்ஸ்டரின் பள்ளிக்கூடம். அன்றைக்கும், எழுதிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் அப்பா சொன்னார்.

“ஒண்ணு நாப்பது ஓடிட்டிருக்கு,” என்றான் டெக்ஸ்டர். “கண்ணாடி வேணுமாக்கா?”

“வேண்டாம்.” தாளை மேசைமேல் வைத்தாள். “இதை நான் வாசிக்கலை டெக்ஸ்டர்.”

“எதை? மூணாவதையா? திரும்பவும் ஆரம்பிக்காதே, அரே, அச்சடிச்சு வந்தாச்சு.”

“என் பேர்ல வந்திருக்கிற எதையும். நாளைக்கு வருவேன், பாட்டுப் பாடுவேன், பந்தி பரிமாறுவேன். மைக் முன்னால போகமாட்டேன்.”

அப்பா தலையைத் தூக்கினார். குரல் அடங்கியே வந்தது. “திங்கக்கிழமைன்னு சொன்னேன்லாம்மா.”

“திங்கக்கிழமை என்ன?” என்றான் டெக்ஸ்டர். அப்பாவைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். “எங்க போறீங்கப்பா திங்கக்கிழமை?”

அவன் கையில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது.

“அப்பா, உங்களைத்தான் கேக்கறேன்.”

அப்பா அவன் பக்கம் திரும்பினார். வாய் திறந்தது. பிறகு மேவிஸைப் பார்த்தார். மேவிஸ் சட்டென்று எழுந்து, மேசைமேல் கிடந்த தாளை எடுத்து, மடிப்பை நீவி, அலினாவின் கையில் வைத்தாள். மகளின் விரல்களைத் தன் கையால் மூடி, தாளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். எண்ணெய்ச் சூட்டில் அந்தக் கை இன்னும் கதகதப்பாக இருந்தது.

“உங்கப்பாவுக்காக வேண்டாம். எனக்காக வாசி பிள்ளை. நான் உன்கிட்ட இதுவரைக்கும் எதுவும் கேட்டதில்லை.”

அது உண்மை. அம்மா எதுவும் கேட்டதில்லை. அந்த ராத்திரி அடுக்களையில் அப்பாவிடமும் எதுவும் கேட்கவில்லை.

அலினா தன் விரல்களை மெல்ல விடுவித்துக்கொண்டாள். தாள் அம்மாவின் கையில் இருந்தது.

“மாட்டேன்மா,” என்றாள்.